ரிவர்ஸ் கேமரா கிட்டுக்குக் காப்புரிமை நோட்டீஸ்: கடை பாலக்காட்டில், விற்பனை கோவையில். எங்கே, எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஒயரிங்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. லாரி, டிப்பர், தனியார் பஸ்ஸுக்கு ரிவர்ஸ் கேமரா மாட்டித் தர்ற கடை. இடம் கொழிஞ்சாம்பாறை. வேலையில பாதி வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர், கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சி. ஆன்லைன் வியாபார தளம் ஒண்ணுலயும் படத்தோட விளம்பரம் இருக்கு.

விக்கிறது ரெண்டு ஐட்டம். ஒண்ணு சாதா கிட்: 720 ஏஎச்டி கேமரா, 7 இஞ்ச் மானிட்டர், 4 பின் கேபிள் 15 மீட்டர். ரிவர்ஸ் லேம்ப் ஒயர்ல டிரிக்கர் எடுத்தா படம் வரும், மேல பச்சை-மஞ்சள்-சிவப்புக் கோடு நிலையா நிக்கும். இன்னொண்ணு 360 கிட்: 4 ஃபிஷ்ஐ கேமரா, கண்ட்ரோல் பாக்ஸ், 10 இஞ்ச் திரை. கேன் லைன் (வண்டியோட கம்ப்யூட்டர்கள் பேசிக்கற ஒயர்) குடுத்தா ஸ்டியரிங் திருப்பும்போது கோடும் வளையும். ரெண்டுமே டெல்லி இறக்குமதியாளர் ஒருத்தர்கிட்ட ஜிஎஸ்டி பில்லோட வாங்கறது.

இப்ப வடக்க ஒரு கம்பெனி சார்பா வக்கீல் நோட்டீஸ். 15 நாள்ல விற்பனைய நிறுத்தணும், இதுவரை வித்த கணக்கு குடுக்கணும், செட்டுக்கு இவ்வளவுன்னு ராயல்டி கட்டணும், இல்லாட்டி வழக்கு. 201911-னு ஆரம்பிக்கற 12 இலக்க எண் ஒண்ணு, அமெரிக்கக் காப்புரிமை எண் ஒண்ணு போட்டிருக்காங்க. இணைப்புல இருக்கற முதல் கிளெய்மோட (காப்புரிமை எதுவரைக்கும்னு எல்லை சொல்ற பத்தி) சாரம்: பின்னாடி கேமரா, ஓட்டுநர் முன்னாடி திரை, ரிவர்ஸ் சிக்னல் வந்தா படத்தையும் வழிக்கோட்டையும் காட்டற கட்டுப்பாட்டுப் பகுதி, வெளிச்சத்துக்குத் தக்கபடி ஒளிர்வ மாத்தற சென்சார். இப்படிப் பார்த்தா நாட்டுல இருக்கற எல்லா ரிவர்ஸ் கேமராவும் இதுல வந்துருமே?

கேக்கறது மூணு. நோட்டீஸுக்கு உண்மையிலேயே பலம் இருக்கா? வழக்குன்னா பாலக்காடா, கோயமுத்தூரா, டெல்லியா? சாதா கிட்டையும் சேர்த்து நிறுத்தணுமா?


பதில்: கிண்டி முகவர்

முதலில் அந்த 12 இலக்க எண். அது காப்புரிமை எண் அல்ல, விண்ணப்ப எண். முதல் நான்கு இலக்கம் ஆண்டு, ஐந்தாவது அலுவலகம் (1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை), ஆறாவது விண்ணப்ப வகை. 201911 என்றால் 2019-இல் டெல்லியில் போட்ட சாதாரண விண்ணப்பம். காப்புரிமை வழங்கப்பட்டால்தான் தனியாக ஒரு 6 இலக்க எண் வரும். நோட்டீஸில் அது இல்லாதது கவனிக்க வேண்டிய விஷயம். விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்தால், வெளியிடப்பட்ட நாளிலிருந்து உரிமை கணக்காகும் என்றாலும், காப்புரிமை கைக்கு வராமல் வழக்குப் போட முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 11ஏ அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அமெரிக்க எண்ணை ஓரமாக வையுங்கள். அமெரிக்கக் காப்புரிமை கொழிஞ்சாம்பாறையில் செல்லாது, பொள்ளாச்சியிலும் செல்லாது. எடைக்காகச் சேர்ப்பது அது.

இன்றே செய்ய வேண்டியது: காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கட்டணம் இல்லை. மூன்று ஆவணங்களை இறக்குங்கள். முதல் தேர்வு அறிக்கை (தேர்வாளரின் ஆட்சேபங்கள்), அதற்கு அவர்கள் கொடுத்த பதில், கடைசியாக ஏற்கப்பட்ட கிளெய்ம். கூடவே மின்பதிவேட்டில் நிலையைப் பாருங்கள்: உயிரோடு இருக்கிறதா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியா, யார் பெயரில் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பிய கம்பெனியும் பதிவேட்டில் உள்ள கம்பெனியும் வேறு வேறாக இருப்பது அபூர்வம் அல்ல.

நோட்டீஸோடு இணைத்திருக்கும் கிளெய்மை நம்ப வேண்டாம். 18 மாதத்தில் வெளியாகும் கிளெய்ம் அகலமாக இருக்கும். தேர்வாளர் ஆட்சேபித்த பிறகு அதைச் சுருக்கித்தான் காப்புரிமை வாங்குவார்கள். மிரட்ட அகலமானதை இணைப்பது, கையில் இருப்பதோ குறுகியது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

அதுவரை அந்தக் கம்பெனிக்கு போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரிகூட எழுதாதீர்கள். "எத்தனை செட் வித்தேன்னு பார்த்துச் சொல்றேன்" என்ற ஒரு செய்தி போதும், ஒப்புதல் என்று தாக்கல் செய்வார்கள். 15 நாள் கெடு அவர்களாக வைத்தது, சட்டம் வைத்தது அல்ல. ஆனால் மௌனமும் நல்லதல்ல. கெடுவுக்குள் வக்கீல் மூலம் "நோட்டீஸ் கிடைத்தது, காப்புரிமை எண், ஏற்கப்பட்ட கிளெய்ம், எந்தப் பொருள் எந்தக் கூறில் மீறுகிறது என்ற ஒப்பீட்டு அட்டவணை ஆகியவற்றை அனுப்பவும், பார்த்துப் பதில் தருகிறோம்" என்று நான்கு வரி போதும்.


பதில்: 24 வோல்ட்

சாதா கிட்ல இருக்கற நிலையான கோடு கேமராவுக்குள்ளயே வரையறது. கேமரா வாலில பச்சை, வெள்ளைன்னு சின்ன லூப் ஒயர் தொங்கும், ஒண்ண வெட்டினா கோடு போயிரும், இன்னொண்ண வெட்டினா படம் இடவலம் மாறும். மாடலுக்கு மாடல் நிறம் மாறும், வேலை ஒண்ணுதான். மானிட்டருக்கு அந்தக் கோடு இருக்கறதே தெரியாது. கிளெய்ம்ல "கட்டுப்பாட்டுப் பகுதி கோட்டை வரைகிறது"ன்னு இருந்தா சாதா கிட்ல அந்தப் பகுதியே கிடையாதுன்னு சொல்லலாம். கிளெய்ம் முழுசா வந்ததும் போடுங்க அண்ணே, பிரிச்சுப் பார்க்கலாம்.


கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஒயரிங்

தேடிப் பார்த்தாச்சுங்க. காப்புரிமை கிடைச்சிருக்கு, 6 இலக்க எண் இருக்கு, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்காங்க. வழங்கினத வெளியிட்டு 8 மாசம் ஆகுது. ஏத்துக்கிட்ட கிளெய்ம் நோட்டீஸ்ல இருக்கறத விட நீளம். பழைய நாலு கூறும் அப்படியே இருக்கு, கூட ரெண்டு சேர்த்திருக்காங்க. ஒண்ணு: ஸ்டியரிங் கோண சென்சார் குடுக்கற மதிப்ப வச்சு கட்டுப்பாட்டுப் பகுதி வழிக்கோட்ட மாத்தி வரையணும். ரெண்டு: சுற்று வெளிச்சம் குறையும்போது வழிக்கோட்டோட ஒளிர்வ, கேமரா படத்தோட ஒளிர்வத் தொடாம தனியா மாத்தணும். தேர்வு அறிக்கைக்குப் பதில்ல, "முன்னாடி வந்த ஆவணங்கள்ல திரை முழுசா மங்கும், எங்களதுல கோடு மட்டும் மங்கும், அதான் புதுமை"ன்னு எழுதியிருக்காங்க.

சாதா கிட்ல ஸ்டியரிங் சமாச்சாரமே இல்ல. 360 கிட்ல என்ன நடக்குதுன்னு எப்படி நிச்சயமாப் பாக்கறது?


பதில்: 24 வோல்ட்

அந்த ரெண்டாவது கூறுதான் சாவி. இதுக்கு ஆய்வகம் வேண்டாம், வண்டி ஒண்ணு, மல்டிமீட்டர், கறுப்பு டேப், மொபைல் போதும்.

முதல்ல ஸ்டியரிங் கூறு. இஞ்சின் ஆஃப், இக்னிஷன் ஆஃப். கேன் எச், கேன் எல் ரெண்டுக்கும் நடுவுல ஓம் பாருங்க. லாரி, பஸ்ல ஜே1939 (கனரக வண்டிக்கான கேன் முறை) ஜோடி பெரும்பாலும் மஞ்சள்-பச்சை முறுக்கு ஒயர். 60 ஓம் வரணும், ரெண்டு முனையிலயும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனை ரெசிஸ்டர்) இருக்கறதால. பாக்ஸ மாட்டினதும் 40-க்கு இறங்கினா, பாக்ஸுக்குள்ள மூணாவது டெர்மினேட்டர் இருக்குன்னு அர்த்தம். அத முதல்ல எடுங்க, இல்லாட்டி டேஷ்போர்டுல சம்பந்தமில்லாத எரர் வரும், டெஸ்ட்டும் குழம்பும். அப்புறம் ரிவர்ஸ் போட்டு ஸ்டியரிங்க இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரை மெதுவாத் திருப்பி வீடியோ எடுங்க. ஒரு தடவ கேன் ஒயர் மாட்டி, ஒரு தடவ கழட்டி.

நம்ம ஊர் லாரில பாதிக்கு மேல இந்தக் கோடு வளையவே வளையாது. ஜே1939-ல ஸ்டியரிங் கோணம் 61449-ங்கற பிஜிஎன்ல (செய்தி எண்) வரணும். ஈஎஸ்சி (வண்டி சறுக்காம பிடிக்கற அமைப்பு) இல்லாத வண்டில அத அனுப்ப சென்சாரே இருக்காது. அப்ப பாக்ஸ் சும்மா நிலையான கோட்டக் காட்டும். சில பாக்ஸ்ல உள்ளயே கைரோ (வண்டி திரும்பறத உணர்ற சென்சார்) இருக்கும், வண்டி நகர ஆரம்பிச்சதும் அத வச்சு கோட்ட வளைக்கும். நின்ன வண்டில ஸ்டியரிங் திருப்பினா வளையாது, நகந்தா வளையும்னா அது கைரோ. அதையும் தனியா வீடியோ எடுத்து வையுங்க.

இப்ப ஒளிர்வு. 10 இஞ்ச் திரையோட முகப்புல, ஓரத்துல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், எல்டிஆர் (வெளிச்ச சென்சார்) அதுக்குப் பின்னாடி. கோடு தெரியற மாதிரி ரிவர்ஸ்ல வச்சு, டேப்ப ரெண்டு மடிப்பா மடிச்சு ஓட்டைய மூடுங்க. படமும் கோடும் சேர்ந்து மங்கினா, அது பேக்லைட்ட இறக்குது, அவ்வளவுதான். கோடு மட்டும் மங்கினாத்தான் அவங்க சொல்றது. இந்த மாதிரி கிட்ல கோட்ட வரையறது கண்ட்ரோல் பாக்ஸ், வெளிச்சத்தப் பாக்கறது திரை. திரையில இருந்து பாக்ஸுக்குத் திரும்பிப் போற டேட்டா ஒயர் இருக்கான்னு பாருங்க. வீடியோ, 12 வோல்ட், எர்த், டிரிக்கர் மட்டும்தான் ஓடுதுன்னா எல்டிஆர் என்ன பாத்துச்சுங்கறது பாக்ஸுக்குத் தெரிய வழியே இல்ல. பின் பின்னா கண்டினியூட்டி பாத்து ஒரு தாள்ல வரைஞ்சு வையுங்க.

ஒரு பொறி இருக்கு. பாக்ஸ் ஹார்னஸ்ல ஆரஞ்சு நிறத்துல "இலுமி"ன்னு ஒரு ஒயர் வரும், அத ஹெட்லைட் ஒயரோட சேர்ப்பாங்க. ஹெட்லைட் போட்டா சில ஃபர்ம்வேர் (பாக்ஸுக்குள்ள ஓடற மென்பொருள்) ராத்திரி தீமுக்கு மாறும். மெனு கறுப்பாகும், கூடவே கோட்டோட நிறமும் மங்கும், படம் அப்படியே இருக்கும். அந்த ஒயருக்கு 12 வோல்ட் குடுத்தும் எடுத்தும் பாருங்க. இது நடந்தா விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். ஒயர வெட்டி விட்டுட்டா முடிஞ்சது.


பதில்: கிண்டி முகவர்

சோதனை முறை அருமை. கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

மீறல் என்றால் கிளெய்மில் உள்ள ஒவ்வொரு கூறும் உங்கள் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நேரடி மீறல் இல்லை. அதன்படி சாதா கிட் வெளியே வந்துவிடுகிறது: ஸ்டியரிங் இல்லை, தனி ஒளிர்வும் இல்லை. அதை நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

360 கிட்டில் ஹெட்லைட் ஒயர் "சுற்று வெளிச்ச சென்சார்" ஆகுமா, கைரோ "ஸ்டியரிங் கோண சென்சார்" ஆகுமா என்பதுதான் சண்டையாக வரும். நம் நீதிமன்றங்கள் சொல்லுக்குச் சொல் மட்டும் பார்ப்பதில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தின் ராஜ் பிரகாஷ் வழக்கிலிருந்து, கண்டுபிடிப்பின் சாரத்தை எடுத்துக்கொண்டு அற்ப மாற்றம் செய்தால் தப்பிக்க முடியாது என்ற நிலை உண்டு. ஆனால் இங்கே உங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. தேர்வு அறிக்கைக்கான பதிலில் "சுற்று வெளிச்சம் குறையும்போது கோடு மட்டும்" என்று அவர்களே எல்லை போட்டுக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஹெட்லைட் ஸ்விட்ச் ஓட்டுநர் கையால் போடுவது, வெளிச்சத்தை அளக்கும் பொருள் அல்ல என்று உறுதியாக வாதாடலாம். கைரோவை விட இந்த வாதம் பலமானது.

ஒயரை வெட்டுவது ஏன் போதாது? ஹார்னஸில் ஒயரும், பெட்டிக்குள் "ஹெட்லைட்டோடு இணைக்கவும்" என்ற கையேடும் இருந்தால், வாங்குகிறவர் இணைக்கத்தான் நீங்கள் விற்கிறீர்கள் என்பார்கள். நம் சட்டத்தில் துணைபோகும் மீறலுக்குத் தனிப் பிரிவு இல்லை என்பது உண்மைதான். அதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. இறக்குமதியாளரிடம் கோட்டின் நிறமாற்றத்தை ஃபர்ம்வேரிலேயே நீக்கித் தரச் சொல்லுங்கள். மெனுவில் மறைப்பது வேறு, நீக்குவது வேறு. புதிய பதிப்புக்குப் புதிய பார்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எந்த சீரியல் என்ற கடிதம், பழைய சரக்கு தனி அலமாரியில். ஆன்லைன் விளம்பரத்தில் வளைந்த கோட்டோடு இருக்கும் படத்தையும், பொருள் உண்மையில் செய்யாததைச் செய்வதாகச் சொல்லும் வரியையும் திருத்துங்கள். எடுப்பதற்கு முன் நகல் வையுங்கள், இல்லையென்றால் சாட்சியத்தை அழித்தீர்கள் என்பார்கள். எதிர்த்தரப்பின் முதல் ஆவணம் பெரும்பாலும் நம்முடைய விளம்பரம்தான்.

பழைய விற்பனைக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வாங்கி விற்றேன், நான் தயாரிப்பாளர் இல்லை" என்பது பதில் அல்ல. பிரிவு 48 விற்பனையையும் பயன்பாட்டையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் காப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால் அந்தக் காலத்துக்கு நஷ்டஈடு கிடையாது, பிரிவு 111. நோட்டீஸ் கைக்கு வந்த நாளோடு அந்தப் பாதுகாப்பு முடிகிறது. எனவே தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரைத் தேதி முக்கியம். 111 தடை உத்தரவைத் தடுக்காது, பணத்தை மட்டும்தான்.


பதில்: ஓசூர் கிளட்ச்

எல்லை விஷயத்துக்கு நான் வர்றேன்.

டிரேட்மார்க், காப்பிரைட் வழக்குல வாதி தன் ஊர்லயே போடலாம். காப்புரிமைச் சட்டத்துல அந்தச் சலுகை கிடையாது. நீங்க இருக்கற இடம் அல்லது மீறல் நடந்ததாச் சொல்ற இடம், ரெண்டுல ஒண்ணுதான். கடை கொழிஞ்சாம்பாறைங்கறதால பாலக்காடு. பொள்ளாச்சி, கோயமுத்தூர்ல வித்திருக்கறதால கோயமுத்தூர். மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழ எங்கயும் போட முடியாது, பிரிவு 104.

வழக்குப் போட்டதும் நீங்க "காப்புரிமையே செல்லாது, ரத்து பண்ணுங்க"ன்னு எதிர்மனு குடுத்தா, ரெண்டும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போயிரும். பாலக்காட்டுல தொடங்கினா எர்ணாகுளம், கோயமுத்தூர்ல தொடங்கினா சென்னை. சென்னையில அறிவுசார் சொத்துக்குன்னு தனிப் பிரிவே 2023-ல இருந்து ஓடுது. சாட்சி, கணக்கு எல்லாம் தமிழ்ல இருக்குங்கறத யோசிச்சா சென்னை உங்களுக்கு மோசமில்ல.

டெல்லி? அங்க ஒரு பீஸ்கூட அனுப்பலேன்னா கஷ்டம். வெப்சைட் டெல்லியில தெரியுதுங்கறது மட்டும் போதாதுன்னு 2009-ல டெல்லி உயர் நீதிமன்றமே பான்யன் ட்ரீ வழக்குல சொல்லியிருக்கு. ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ஒண்ணு: இப்ப திடீர்னு டெல்லி முகவரில இருந்து "360 கிட் ஒண்ணு அனுப்புங்க, பில் வேணும்"னு ஆர்டர் வந்தா அது பொறிக் கொள்முதலா (டெல்லில வித்தீங்கன்னு காட்ட அவங்களே வாங்கறது) இருக்கலாம். பொறியா வாங்கின ஒத்தப் பில்ல மட்டும் வச்சு அதிகாரவரம்பு வராதுன்னு அதே தீர்ப்புல இருக்கு. ஆனாலும் எதுக்கு வம்பு? ஆன்லைன் பட்டியல்ல டெலிவரி ஏரியாவ கேரளா, தமிழ்நாடுன்னு கட்டிப் போடுங்க.

கேவியட் (என்னக் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு கோர்ட்ல முன்கூட்டியே குடுக்கற மனு) போட்டுருங்க. சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ. பாலக்காடு, கோயமுத்தூர், டெல்லி மூணுலயும். 90 நாள் செல்லும், முடிஞ்சா திரும்பப் போடணும். இது இல்லாட்டி உங்களக் கேக்காமலே முதல் நாள்ல இடைக்காலத் தடை வாங்கி, அட்வகேட் கமிஷனரோட (கோர்ட் அனுப்பற வக்கீல்) கடைக்கு வந்து நிப்பாங்க. வந்துட்டா தடுக்காதீங்க, சண்டை போடாதீங்க. உத்தரவு நகல வாங்கிப் படிச்சு, அதுல எந்தப் பொருள் சொல்லியிருக்கோ அத மட்டும் காட்டுங்க. சாதா கிட்டையும் சேர்த்து எண்ணினா, "இது உத்தரவில் இல்லை, ஆட்சேபம்"னு பட்டியல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சீரியல் எண் ஒவ்வொண்ணும் பட்டியல்ல ஏறணும்.

இடைக்காலத் தடை எவ்வளவு பெருசுன்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். இரட்டை ஸ்பார்க் பிளக் காப்புரிமைல பஜாஜ்-டிவிஎஸ் சண்டை 2007-ல சென்னையில தொடங்கினது. மிரட்டல்னு சொல்லி முதல்ல வழக்குப் போட்டது டிவிஎஸ். 2008 பிப்ரவரில ஃபிளேம் வண்டிக்குத் தடை, 2009 மே மாசம் டிவிஷன் பெஞ்ச் தடைய எடுத்துச்சு, செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் விக்கலாம், கணக்கு வச்சுக்கோன்னு சொல்லி, இந்த மாதிரி வழக்க நாலு மாசத்துல முடிக்கணும்னுச்சு. கடைசில ரெண்டு கம்பெனியும் சமாதானமாப் போனது 2019-ல. தீர்ப்பு இல்ல, நடுவுல வந்த தடைதான் வியாபாரத்த முடிவு பண்ணுச்சு.

அதனால எங்க கருத்து: காத்திருக்காம நீங்களே பிரிவு 106-ல ஆதாரமில்லாத மிரட்டல்னு கோயமுத்தூர்ல போடுங்க. மீறல்னு நிரூபிக்கற பாரம் அவங்க தலைமேல விழும்.


பதில்: கிண்டி முகவர்

106 பற்றிக் கொஞ்சம் நிதானம். காப்புரிமை இருப்பதாகத் தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது என்று அதே பிரிவில் இருக்கிறது. இந்த நோட்டீஸில் "வழக்கு" என்று எழுதியிருப்பதால் அந்த விலக்கு பொருந்தாது. ஆனால் 106 போட்டால் அவர்கள் எதிர் வழக்கு போடுவார்கள், டிவிஎஸ் விஷயத்தில் நடந்ததும் அதுதான். பெரிய கம்பெனிக்கு அது தாங்கும்.

சாதா கிட்டுக்கு இதைவிடச் சாந்தமான வழி பிரிவு 105. பொருளின் முழு விவரத்தோடு எழுதி "இது உங்கள் கிளெய்முக்குள் வராது என்று எழுத்தில் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். மறுத்தாலோ பதில் சொல்லாவிட்டாலோ மீறல் இல்லை என்ற அறிவிப்பு கேட்டு வழக்குப் போடலாம். இரண்டு சங்கதி தெரிந்திருக்க வேண்டும்: 105 வழக்கில் காப்புரிமை செல்லாது என்று வாதிட முடியாது, இருதரப்புச் செலவும் பெரும்பாலும் கேட்டவர் தலையில்தான். ஆனால் அந்தக் கடிதத்துக்கு அவர்கள் மௌனமாக இருந்தாலே பிறகு இடைக்காலத் தடை வாதத்தில் அது உங்களுக்கு நல்ல ஆவணம்.

காப்புரிமையின் பலம் பற்றி. வழங்கியதாலேயே அது செல்லுபடியாகும் என்ற அனுமானம் நம் நாட்டில் இல்லை. பிரிவு 13(4)-ம் 1978-இன் பிஷ்வநாத் பிரசாத் தீர்ப்பும் அதைத்தான் சொல்கின்றன. செல்லாது என்பதற்கு நம்பத்தக்க எதிர்வாதம் காட்டினாலே தடை கொடுக்க நீதிமன்றம் யோசிக்கும். முன்னோடி ஆவணங்கள் (அவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே வெளியானவை) தேடும்போது ஒரு நுணுக்கம்: எங்கேயாவது அச்சானது எல்லாம் செல்லும், ஆனால் "பயன்பாட்டில் இருந்தது" என்றால் அது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும், பிரிவு 64(1)(இ). டொயோட்டா 2003-இல் ஜப்பானில் பிரியஸ் காரில் கேமராத் திரையோடு பார்க்கிங் உதவி கொடுத்தது. அந்தக் கார் அங்கே ஓடியது சாட்சியம் ஆகாது, அதைப் பற்றி அச்சான கையேடும் காப்புரிமை ஆவணமும் ஆகும். ரிவர்ஸ் கியரில் படத்தின் மேல் வழிக்கோடு என்ற யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை 5,949,331 இருக்கிறது, டொனலி கம்பெனியுடையது, 1999-இல் வழங்கியது. எனவே முதல் நாலு கூறும் பழையவை. ஐந்தாவதும் பழையதுதான், 2019-க்கு முன் இங்கே விற்ற கார்களின் உரிமையாளர் கையேடுகளில் வளையும் கோட்டைப் பார்க்கலாம். ஆறாவதுக்கு மட்டும்தான் உழைக்க வேண்டும்: விமானி முகத்துக்கு நேரே வரும் காட்சித்திரை, இரவுப் பார்வைத் திரை ஆவணங்களில் "படமும் குறியீடும் தனித்தனி ஒளிர்வு" என்று தேடச் சொல்லுங்கள். கார்களுக்குள் மட்டும் தேடுகிறவருக்கு அது சிக்காது.

இன்னும் 4 மாதம் கையில் இருக்கிறது. வழங்கியது வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் படிவம் 7-இல் எதிர்ப்பு போடலாம். உயர் நீதிமன்றத்தை விடச் செலவு மிகக் குறைவு. உங்கள் விஷயத்தில் அது டெல்லி அலுவலகத்துக்குப் போகும், கிண்டிக்கு அல்ல. விசாரணை காணொளியில் நடப்பதால் பயணம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் அலோய்ஸ் வோபன் வழக்கில் கட்டிப் போட்டிருக்கிறது: இந்த எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்தால் அதே ஆள் பிறகு ரத்து மனுவோ எதிர்மனுவோ போட முடியாது. பிரிவு 107-இல் அதே காரணங்களைத் தற்காப்பாகச் சொல்வது வேறு கதை. எதிர்ப்பு நிலுவையில் இருப்பதால் வழக்கு தானாக நிற்கவும் நிற்காது. இறக்குமதியாளர்தான் உண்மையில் பாதிக்கப்படுகிறவர். எதிர்ப்பை அவர் பெயரில் போட வையுங்கள், உங்கள் கையில் எதிர்மனு உரிமை மிச்சம் இருக்கட்டும்.


பதில்: கஞ்சிக்கோடு ஸ்டோர்ஸ்

குறுக்கே ஒரு கேள்வி. இதே மாதிரி கிட்டை நேரடியாக கொச்சி வழியாக இறக்குகிறவர்களின் சரக்கைச் சுங்கத்தில் பிடிப்பார்களா? முன்பு இரட்டை சிம் போனுக்கு அப்படி நடந்ததாகக் கேள்வி.


பதில்: ஓசூர் கிளட்ச்

நடந்துச்சு. மதுரைக்காரர் ஒருத்தரோட இரட்டை சிம் காப்புரிமைய 2007 சுங்க விதில பதிவு பண்ணி, 2009-ல போன் இறக்குமதிய நிறுத்த வச்சாங்க. அந்தக் காப்புரிமை பின்னாடி ரத்தாயிருச்சு. 2018-ல அந்த விதியில இருந்து காப்புரிமையவே எடுத்துட்டாங்க. டிரேட்மார்க், டிசைன் மாதிரியானதுக்கு இன்னும் பதிவு உண்டு, அதனால பெட்டியில யாரோ லோகோ இருந்தா பிடிப்பாங்க. காப்புரிமைக்கு நீதிமன்ற உத்தரவு இல்லாம சுங்கம் கை வைக்காது.


கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஒயரிங்

ரொம்ப நன்றிங்க. 24 வோல்ட் அண்ணன் சொன்னபடி டேப் ஒட்டிப் பாத்ததுல படமும் கோடும் சேர்ந்தேதான் மங்குது. திரையில இருந்து பாக்ஸுக்குத் திரும்புற டேட்டா ஒயர் இல்ல. ஆரஞ்சு ஒயருக்கு வோல்ட் குடுத்தா மெனு கறுப்பாகுது, கோட்டோட மஞ்சள் மட்டும் மங்குது. இந்த வீடியோவ எப்படி வச்சாச் செல்லும்? இறக்குமதியாளர் "நான் பாத்துக்கறேன்"னு வாயால சொல்றது போதுமா?


பதில்: கிண்டி முகவர்

வாயால் சொல்வது போதாது. அவருடைய லெட்டர்ஹெட்டில், எந்த பில் எண்களின் சரக்கு என்று குறிப்பிட்டு, இந்தக் காப்புரிமை எண்ணால் வரும் வழக்குச் செலவு, நஷ்டஈடு, திருப்பி எடுக்கும் சரக்கின் விலை மூன்றையும் ஏற்பதாக எழுதி வாங்குங்கள். அடுத்த கொள்முதல் பணத்தை அனுப்புவதற்கு முன் கேளுங்கள், பின்னால் அல்ல.

வீடியோவை எடுத்த மொபைலை மாற்றாதீர்கள், ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காதீர்கள். ஒரே ஓட்டமாக, வெட்டாமல்: முதலில் பெட்டியின் லேபிள், சீரியல், மெனுவில் ஃபர்ம்வேர் பதிப்பு, பிறகு டேப், பிறகு ஆரஞ்சு ஒயரில் மீட்டர் வைத்து வோல்ட். 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) கேட்பார்கள். அதை இன்றே எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிடுங்கள். சோதித்த செட்டை விற்காமல் சீல் வைத்து எடுத்து வையுங்கள்.

மஞ்சள் மங்குவது பற்றி நோட்டீஸ் பதிலில் ஒரு சொல்லும் வேண்டாம். இப்போதைக்குப் பதில் சாதா கிட்டுக்கு முழு மறுப்பு, 360 கிட்டுக்கு "ஒப்பீட்டு அட்டவணை தாருங்கள்". பழைய ஃபர்ம்வேர் சரக்கை மட்டும் அதுவரை அலமாரியில் நிறுத்துங்கள்.


பதில்: 24 வோல்ட்

புது ஃபர்ம்வேர் வந்தா இறக்கறதுக்கு முன்னாடி பழைய கேலிப்ரேஷன் (நாலு கேமராப் படத்தையும் ஒட்ட வச்ச அளவு) ஃபைல யுஎஸ்பில எடுத்து வையுங்க அண்ணே. இல்லாட்டி மாட்டின வண்டிக்கெல்லாம் திரும்பத் துணி விரிச்சு நாலு கேமராவையும் ஒட்ட வேண்டி வரும். அப்டேட் ஆனதும் ஆரஞ்சு ஒயர் டெஸ்ட்ட திரும்பப் பண்ணிப் பாருங்க. பதிப்பு எண்ண மட்டும் மாத்தி, உள்ள பழசையே அனுப்பற சப்ளையர் உண்டு.